இரண்டாவது டெர்மினல்

2023-ஆம் ஆண்டு ஆடிப்பெருக்குக்கு மறுவாரம். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணி. என் பொறுப்பில் இருந்த பதினொரு சர்வர்களில் ஏழு கதவைச் சாத்திக்கொண்டன. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கம், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ரிப்போர்ட்டுகள், இரண்டு ஜவுளிக் கடைகளின் பில்லிங் எதுவும் நிற்கவில்லை. எங்களால்தான் உள்ளே போக முடியவில்லை. திரையில் நான்கு மஞ்சள் வரிகள், ஏழு சிவப்பு வரிகள்.

நான் சேர்த்தது ஒரே ஒரு வரி. வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் என்றொரு வாசல் உண்டு. பலவீனமான பழைய சாவி வகைகளை அந்த வாசல் ஏற்கக் கூடாது என்று அதன் கான்ஃபிக் கோப்பில் எழுதினேன். என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 போட்ட மெய்நிகர் கணினி ஒன்று இருந்தது. அதில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் சுத்தமாக ஓடியது. ஆனால் நான் எழுதிய ‘பப்கீ அக்செப்டட் அல்காரிதம்ஸ்’ என்ற பெயர் ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.5-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்பு அதே விஷயத்துக்கு வேறு பெயர். உபுண்டு 20.04-இல் இருப்பது 8.2. தனக்குத் தெரியாத பெயரைக் கான்ஃபிக்கில் பார்த்தால் எஸ்எஸ்ஹெச் கிளம்பவே கிளம்பாது. அந்த ஏழு சர்வர்களும் 20.04.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். கோப்பை மாற்றிய பிறகு ‘ரீலோட்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ரீஸ்டார்ட்’ என்று எழுதியிருந்தேன். உபுண்டுவில் எஸ்எஸ்ஹெச்சுக்கு ரீலோட் கொடுத்தால், புதிய கோப்பு சரிதானா என்று முதலில் பார்க்கும். சரியில்லை என்றால் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் அப்படி இல்லை. முதலில் ஓடுவதை நிறுத்தும், அதற்குப் பிறகுதான் கோப்பைப் பார்க்கும். பார்க்கும்போது பிழை தெரிந்து என்ன பயன்? வாசல் அதற்குள் மூடிவிட்டது.

அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். “எதையும் மூடாதே. கையை எடு” என்றார். குரலில் ஏற்றமே இல்லை. தன் மேசைக்குப் போய் ஒரு கறுப்புத் திரையை முன்னால் கொண்டுவந்தார். அந்த ஏழில் ஒன்றுக்குள் அவர் காலையிலேயே நுழைந்து, டெர்மினலை மூடாமல் வைத்திருந்தார். எஸ்எஸ்ஹெச் நின்றுபோனாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளுவதில்லை. அந்தத் திரை வழியாகக் கோப்பைத் திருத்தி, முதல் சர்வரை இரண்டு நிமிடத்தில் மீட்டார். மற்ற ஆறுக்கும் அப்படி ஒரு வழி இல்லை. சர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களின் இணைய கன்சோல் வழியாக ஒவ்வொன்றாகப் போக வேண்டியிருந்தது. ஒன்றின் கன்சோல் பாஸ்வேர்டு எழுதி வைத்த இடத்தில் இல்லை. அதை நிறுத்தி, மீட்பு வட்டிலிருந்து கிளப்பி, கோப்பைத் திருத்தி, மறுபடி ஓடவிடப் பதினான்கு நிமிடம் ஆனது. ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கான சர்வர் அதுதான். அந்தப் பதினான்கு நிமிடத்தில் யாரோ ஒருவர் தன் அப்பாவின் ரிப்போர்ட்டுக்காகக் கவுன்டரில் நின்றிருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எல்லாம் முடிந்து மதியம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் அக்கா கேட்டார். “நீ டெஸ்ட் பண்ணினதானே?”

“பண்ணினேன்க்கா. மூணு தடவை.”

“அந்த டெஸ்ட் கிட்ட நீ என்ன கேட்டே?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“‘ஓடுமா’ன்னு கேட்டே. ‘எதுல ஓடும்’னு கேக்கலை. கேக்காத கேள்விக்கு டெஸ்ட் பதில் சொல்லாது தம்பி.”

அதன் பிறகு வந்த இரண்டு ஆண்டுகளும் நான் கற்றது இந்த ஒன்றைத்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஜீயபுரம். அப்பா பூவனும் ஏலரிசியும் போடுகிற வாழை விவசாயி. அலுவலகம் தில்லை நகரில் ஒரு மாடியில், மொத்தம் ஆறு பேர். காலையில் கரூர் சாலையில் பஸ் ஏறினால் அல்லூர், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை, குடமுருட்டிப் பாலம் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம். இடப்பக்கம் நெடுகக் காவிரி. படித்தது வேறு பாடம். லினக்ஸ் எனக்கு முதலில் அறிமுகமானது தமிழில், 2012-இல் தொடங்கிய கணியம் இதழின் பழைய கட்டுரைகள் வழியாக. தாய்மொழியில் முதல் அடி எடுத்து வைத்ததால்தான் பயமில்லாமல் இந்த வேலைக்கு வந்தேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேலை என்னவென்று புரியாதவர்களுக்காக ஒரு சொல். ஒரு சர்வரில் யார் நுழையலாம், எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும், எந்தக் கதவு திறந்திருக்கலாம் என்று நூற்றுக்கணக்கான அமைப்புகள் உண்டு. ஒரு சர்வர் என்றால் கையால் செய்துவிடலாம். ஐம்பது என்றால் நாற்பதாவதில் கை தவறும். இதற்காகத்தான் 1993-இல் நார்வேயில் இருந்த மார்க் பர்ஜஸ் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். 2005-இல் பப்பெட் வந்தது, 2012-இல் நாங்கள் பயன்படுத்தும் ஆன்சிபிள் வந்தது. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று பிளேபுக் என்ற கோப்பில் எழுதிவிட்டால், கருவி ஒவ்வொரு சர்வராகப் போய் அப்படியே ஆக்கிவிட்டு வரும். அதன் வரமும் அதுதான், ஆபத்தும் அதுதான். கையால் செய்கிற தப்பு ஒரு சர்வரோடு நிற்கும். பிளேபுக்கில் உள்ள தப்பு ஒரே நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்.

மறுநாள் அக்கா எனக்கு ஒரு இருநூறு பக்க நோட்டு கொடுத்தார். பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தி. இடப்பக்கம், நான் செய்த டெஸ்ட். வலப்பக்கம், அந்த டெஸ்ட் எதைச் சொல்லவில்லை. வலப்பக்கம் காலியாக இருந்தால், வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வர்களான ப்ரொடக்‌ஷன் பக்கம் போகக் கூடாது. இது கணினியில் இல்லாமல் காகிதத்தில் ஏன் என்று கேட்டேன். “கணினியில டிக் போட்டுட்டுப் போயிடுவே. கையால எழுதினா யோசிப்பே” என்றார்.

நோட்டின் முதல் பக்கத்தில் ‘செக் மோட்’ இருக்கிறது. எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லும் முறை. கூடவே ‘டிஃப்’ கேட்டால் எந்த வரி போகும், எந்த வரி வரும் என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். அந்தச் செவ்வாய்க்கிழமையும் இதை நான் ஓட்டியிருந்தேன். ஒரு வரி பச்சையில் சேர்ந்தது, நான் எழுதியபடியே இருந்தது, திருப்தியாக இருந்தது. ஆனால் செக் மோட் எழுத்தை எழுத்தோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். அந்த எழுத்தை எஸ்எஸ்ஹெச் படித்து ஏற்றுக்கொள்ளுமா என்பது அதற்குத் தெரியாது. ஷெல் கட்டளைகளை அது ஓட்டாமல் தாண்டிப் போய்விடும். முதல் வேலை ஒரு மென்பொருளை நிறுவுவது, இரண்டாவது வேலை அதற்குள் இருக்கும் கோப்பைத் திருத்துவது என்று இருந்தால், முதல் வேலை உண்மையில் நடக்காததால் இரண்டாவது தடுமாறி நிற்கும். இதையெல்லாம் வலப்பக்கத்தில் எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை.

ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்வியை அந்தந்த மென்பொருளிடமே கேட்க வேண்டும். எஸ்எஸ்ஹெச்சுக்கு, எஞ்சின்எக்ஸுக்கு, சூடோ கோப்புக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ‘இந்தக் கோப்பு சரியா, படித்துச் சொல்’ என்று கேட்கிற கட்டளை உண்டு. ஆன்சிபிளில் கோப்பை வைக்கும் இடத்திலேயே ‘வேலிடேட்’ என்று எழுதி அந்தக் கட்டளையைக் கொடுத்துவிடலாம். கருவி புதிய கோப்பை முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வைத்து, மென்பொருளிடம் காட்டிக் கேட்கும். அது சரி என்றால்தான் உண்மையான இடத்துக்கு நகர்த்தும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி என் பிளேபுக்கில் இருந்திருந்தால், ஏழு சர்வர்களும் என் மாற்றத்தை வாசலிலேயே மறுத்திருக்கும். வேறு எதுவும் நடந்திருக்காது.

அடுத்து லின்ட் எனப்படும் எழுத்துப் பரிசோதனை. முதலில் எனக்கு இதன் மேல் மரியாதை இல்லை. இடைவெளி சரியில்லை, பெயர் வைக்கவில்லை என்று நச்சரிக்கும் கருவி என்று நினைத்தேன். ஒருநாள் ஒரு கோப்புக்கு அனுமதி எண்ணாக 644 என்று எழுதியிருந்தேன். லினக்ஸில் அனுமதி எண்கள் எட்டின் அடிமானத்தில் வருபவை. முன்னால் சுழியம் போட்டு, மேற்கோளுக்குள் எழுத வேண்டும். வெறும் 644 என்றால் கருவி அதைச் சாதாரணப் பத்தின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டின் அடிமானத்தில் அது 1204. அப்படியென்றால் கோப்பின் சொந்தக்காரர் அதில் எழுதலாம், படிக்க முடியாது. ஊரார் எல்லோரும் படிக்கலாம். அந்தக் கோப்பில் இருந்தது டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. லின்ட் அந்த வரியைக் காட்டி நிறுத்தியது. அன்றோடு என் எண்ணம் மாறியது.

மூன்றாவதாகக் கற்றது எனக்கு மிகவும் பிடித்தது: மறுபடி ஓட்டு. பிளேபுக்கை ஒரு தடவை ஓட்டினால் மாற வேண்டியது மாறும். உடனே இரண்டாம் தடவை ஓட்டினால் எதுவுமே மாறக் கூடாது. கடைசி வரியில் ‘சேஞ்ச்டு’ என்பதற்கு நேராகச் சுழியம் வர வேண்டும். வரவில்லை என்றால் பிளேபுக் ‘இப்படி இரு’ என்று சொல்லவில்லை, ‘இதைச் செய்’ என்று சொல்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நான் ஒரு பழைய சர்வரில்தான் பார்த்தேன். நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் இரவில் ஓடி, ஒரு கான்ஃபிக் கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் ஒரே வரி அறுபத்து மூன்று முறை, ஒன்றின் கீழ் ஒன்றாக. மாற்ற நினைத்து மேலே உள்ள வரியைத் திருத்தினால் ஒன்றும் ஆகாது, கடைசி வரிதான் செல்லும். அந்தக் கோப்பைச் சுத்தம் செய்த அன்று வீட்டுக்குப் போகும்போது மனசுக்கு லேசாக இருந்தது.

மாலிக்யூல் என்ற கருவி இதையெல்லாம் வரிசையாகச் செய்துவிடும். கணினிக்குள்ளேயே தனி அறை போல, ஒன்றுமில்லாத புது கன்டெய்னர் ஒன்றை உருவாக்கும், பிளேபுக்கை ஓட்டும், மறுபடி ஓட்டி ஏதாவது மாறுகிறதா என்று பார்க்கும், நாம் எழுதிய சரிபார்ப்புகளைக் கேட்கும், கடைசியில் கன்டெய்னரை அழித்துவிடும். ஒன்றுக்குப் பதிலாக உபுண்டு 20.04, 22.04, டெபியன் 11 என்று மூன்றைக் கொடுத்தால் மூன்றிலும் செய்யும். அக்காவின் ‘எதுல ஓடும்’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். எங்கள் பதினொரு சர்வர்களிலும் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, அத்தனை வகைக்கும் ஒரு கன்டெய்னர் வைத்தேன். கோப்பு மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் கிட்டில் மாற்றத்தைப் போட்டதுமே எல்லாவற்றிலும் ஓடி, ஏழு நிமிடத்தில் பச்சையோ சிவப்போ வந்துவிடும்.

கன்டெய்னருக்கும் வலப்பக்கத்தில் எழுத வேண்டியது இருந்தது. கன்டெய்னருக்குத் தனியாகக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, கிடையாது, தான் ஓடுகிற கணினியின் கெர்னலைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் கெர்னல் அமைப்பு, ஃபயர்வால், டிஸ்க் பிரிவு போன்ற மாற்றங்களைக் கன்டெய்னரில் ஓட்டிப் பச்சை வந்தால் அந்தப் பச்சைக்கு மதிப்பில்லை. அதற்கு முழு மெய்நிகர் கணினி வேண்டும்.

இதை வீட்டில் தாத்தாவிடம் சொன்னேன். தாத்தா பொதுப்பணித்துறையில் மதகு திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலேயே வேலைக்காலம் முழுவதும் கழித்தவர். அவர் உடனே பூண்டியைச் சொன்னார். திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணை, கதவணை எதுவாக இருந்தாலும் அங்கே சின்ன அளவில் மாதிரி கட்டி, தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். “எஞ்சினியருங்க சொல்வாங்க. தண்ணியைச் சின்னதாக்கலாம், மணலைச் சின்னதாக்க முடியாதுன்னு” என்றார். அணையைச் சிறிதாக்கினால் தண்ணீரின் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுச் சிறிதாக்கலாம். மணல் துகளை அதே விகிதத்தில் சிறிதாக்கினால் அது மணலாக நடந்துகொள்ளாது, களிமண் போல ஒட்டிக்கொள்ளும். எங்கள் கன்டெய்னருக்குக் கெர்னல் எப்படியோ, அவர்கள் மாதிரிக்கு மணல் அப்படி. அன்று ராத்திரி நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்.

நிஜ சர்வரின் நகலாக டெஸ்டுக்கு வைத்திருக்கும் ஸ்டேஜிங் சர்வர் பற்றிப் பேசும்போது ஊர்க்கதை ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பங்குனித் திருநாளில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் ஜீயபுரத்துக்கு எழுந்தருள்வார். அதன் பின்னால் உள்ள கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்குக் குளிக்கப் போன பேரன் ரங்கனை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. காத்திருக்கும் பாட்டி ரங்கா ரங்கா என்று கூப்பிட, பெருமாளே பேரன் உருவில் வந்து உட்கார்ந்து பழையதும் மாவடுவும் சாப்பிடுகிறார். பிறகு உண்மைப் பேரன் கரையேறி வீட்டுக்கு வருகிறான். இரண்டு ரங்கன்கள், பாட்டிக்கே வித்தியாசம் தெரியவில்லை. அக்காவின் வீடு ஸ்ரீரங்கத்தில். இந்தக் கதையை நான் சொன்னபோது நெகிழ்ந்துபோனார். பெருமாள் உருவெடுத்தால் அச்சு அசலாக இருக்கும், நாம் எடுக்கிற நகல் அப்படி இருக்காது என்றார். எங்கள் ஸ்டேஜிங் அப்போது ப்ரொடக்‌ஷன் போலவே இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தோம். ப்ரொடக்‌ஷனில் டிஸ்க் 96 சதவீதம் நிரம்பியிருந்தது, ஸ்டேஜிங்கில் பாதிகூட இல்லை. ப்ரொடக்‌ஷனில் யாரோ ஒரு இரவில் அவசரத்துக்குக் கையால் மாற்றிய இரண்டு வரிகள் இருந்தன, பிளேபுக்கில் அவை இல்லை. அடுத்த முறை பிளேபுக்கை ஓட்டினால் அந்த இரண்டும் அழிந்திருக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு எல்லா ப்ரொடக்‌ஷன் சர்வர்களிலும் செக் மோட் தானாக ஓடும். மாற்றுவதற்கு முன் பார்க்க இருந்த கருவி, மாறிப்போனதைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. எதுவும் மாறவில்லை என்று வந்தால் நல்ல நாள். மஞ்சள் வந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஒரு சர்வர் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு நிற்பது சின்ன விஷயம் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய நிரலைப் போட்டது, எட்டாவது விட்டுப்போனது. சந்தை திறந்து முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

நான் வேலையில் ஓரளவு தேறிவிட்டேன் என்று நினைத்த சமயத்தில் 2024 ஜூலை 19 வந்தது. ஆடி முதல் வெள்ளி. நம் நேரம் காலை 9.39-க்குக் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறு கான்ஃபிக் கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த மாதம் அந்த நிறுவனம் வெளியிட்ட காரண அறிக்கையை அக்கா அச்செடுத்து வந்து, வரி வரியாகப் படிக்க வைத்தார். கோப்பின் புதிய வார்ப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. கணினியில் இருந்த நிரல் 20-தான் கொடுத்தது. அப்படியானால் முன்னால் செய்த சோதனைகளில் ஏன் தெரியவில்லை? அந்தச் சோதனைகளில் எல்லாம் 21-ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற குறியைப் போட்டிருந்தார்கள். அதனால் அந்த இடத்தை யாரும் திறந்தே பார்க்கவில்லை. ஜூலை 19-இல் போன கோப்புதான் முதன்முதலாக அங்கே ஒரு உண்மையான மதிப்பைக் கேட்டது. கோப்பைச் சரிபார்க்கும் கருவியும் 21 வரும் என்றே நம்பி, சரி என்று அனுப்பிவிட்டது. ‘எதுவானாலும் சரி’ என்ற இடத்தில் அக்கா பேனாவால் வட்டம் போட்டார். என் நோட்டை எடுத்து வரச் சொன்னார். நானும் பல டெஸ்டுகளில் அப்படி இடம் விட்டிருந்தேன். அன்று மாலைக்குள் ஒன்பது இடங்களைக் கண்டுபிடித்தேன்.

2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஆறு மணி நேரம் போல நின்றதும் இதே வகைதான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலைப்பின்னலையே துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருந்தது, அதில் பிழை. சரிசெய்யத் தொலைவிலிருந்து உள்ளே போகவும் வழியில்லாமல் போனது. எங்கள் ஏழு சர்வர்களின் கதைதான், மிகப் பெரிய அளவில்.

கிரவுட்ஸ்ட்ரைக்கின் அந்தக் கோப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருந்தால் சிறு பகுதிக் கணினிகளோடு நின்றிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போனது. ஆன்சிபிளில் இதற்கு ‘சீரியல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சீரியல் 1 என்றால் முதலில் ஒரு சர்வர் மட்டும். அது தோற்றால் அங்கேயே நின்றுவிடும், அடுத்ததைத் தொடாது. என் செவ்வாய்க்கிழமை பிளேபுக்கில் அந்தச் சொல்லும் இல்லை. இப்போது முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு மீதி. ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் இருபது நிமிடம் காத்திருப்பு. அந்த இருபது நிமிடத்தில் லாக் பார்க்க வேண்டும், பக்கம் திறக்கிறதா என்று வாடிக்கையாளர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. எல்லாம் பச்சையாக இருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது வேலை போலவே தெரியாது. தாத்தாவிடம் கேட்டேன். ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாளில் தண்ணீர் வந்து, வாய்க்காலுக்கு விடும்போது என்ன செய்வீர்கள் என்று. ஷட்டரின் திருகைச் சுற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுவாராம். எண்ணி நோட்டில் எழுதுவாராம். எத்தனை சுற்று திறந்தோம் என்று தெரிந்தால்தான் அத்தனை சுற்று மூட முடியும். முதலில் கொஞ்சம் திறந்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே கரையில் போவார். எலி வளை, நண்டு வளை, போன வருஷம் உடைந்து மண் போட்டு அடைத்த இடம் எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பார். “தண்ணி போற வேகத்துக்குத்தான் நானும் போவேன். முந்திப் போய் என்ன பார்க்கறது?” என்றார். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போன செய்தி வந்தபோது, திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். 1836-இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டத் தொடங்கியது அது. தாத்தா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

போன மாதம் எனக்குத் தனியாக ஒரு ஃபயர்வால் மாற்றம் கொடுத்தார்கள். பழைய விதிகள் நூற்றுக்கு மேல், பலவற்றுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. அவற்றைச் சுருக்கி எழுத மூன்று வாரம் ஆனது. மெய்நிகர் கணினிகளில் ஓட்டினேன், மறுபடி ஓட்டினேன், அக்காவும் இன்னொருவரும் டிஃபை ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். வலப்பக்கத்தில் ஆறு வரி எழுதினேன். ஆறாவது வரி: ‘ப்ரொடக்‌ஷனில் ஏற்கெனவே இருக்கும் இணைப்புகள் எப்படி நடந்துகொள்ளும் என்று இந்த டெஸ்ட் சொல்லவில்லை.’

ராத்திரி பதினொரு மணி, வீட்டில். மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதல் சர்வரில் இரண்டு டெர்மினல் திறந்தேன். பழைய விதிகளை ஒரு கோப்பில் எடுத்து வைத்தேன். ‘அட்’ என்ற கட்டளையைக் கொண்டு, பத்து நிமிடம் கழித்து அந்தப் பழைய விதிகளைத் தானாகத் திரும்பப் போடு என்று சொல்லி வைத்தேன். நான் உள்ளே போக முடியாமல் போனாலும், மின்சாரம் போனாலும், பத்து நிமிடத்தில் கதவு தானே திறக்கும். பிறகு பிளேபுக்கை அந்த ஒரு சர்வருக்கு மட்டும் ஓட்டினேன். மஞ்சள் வரி, பிழையில்லை.

இரண்டாவது டெர்மினலில் எழுதிப் பார்த்தேன், வேலை செய்தது. நிம்மதி வந்துவிட்டது. ஆனால் அக்கா இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்: ஏற்கெனவே நிலைத்த இணைப்பை ஃபயர்வால் பெரும்பாலும் தொடாது. பழைய டெர்மினல் உயிரோடு இருப்பது எனக்குக் கைப்பிடி, ஆனால் அது சாட்சி இல்லை. புதிதாக ஒருவர் வாசலில் வந்து தட்டினால் திறக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாவது ஒன்றைத் திறந்தேன்.

அது அப்படியே நின்றது. கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பத்து நொடி, இருபது நொடி. இரண்டாவது டெர்மினலில் விதிகளின் வரிசையைப் பார்த்தேன். எங்கள் அலுவலக முகவரியிலிருந்து வந்தால் உள்ளே விடு என்று எழுதியிருந்தேன். நான் இருந்தது வீட்டில். அலுவலக வலைப்பின்னல் வழியாகப் போகும் இணைப்பு மழையில் அறுந்திருக்க வேண்டும். நான் நேராக வந்துகொண்டிருந்தேன். விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. அவசரத்துக்கு வீட்டிலிருந்து வருகிறவனுக்கு அது வழி வைக்கவில்லை.

உடனே திருத்தலாமா என்று கை போனது. எடுத்துவிட்டேன். நேரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. நோட்டை எடுத்து ஏழாவது வரியை எழுதினேன். மாடிப்படியில் தாத்தா இருமும் சத்தம் கேட்டது. பத்தாவது நிமிடம் வந்தது. மூன்றாவது டெர்மினலில் மறுபடி முயன்றேன். உடனே பாஸ்வேர்டு கேட்டது.

பழைய விதிகள் திரும்பியிருப்பதைச் சரிபார்த்தேன். மாற்றத்தை நாளைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், காரணம் இது என்று அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “நல்லது தம்பி. எல்லாத்தையும் மூடிட்டுப் படு.”

மூன்றாவதை மூடினேன். முதலாவதை மூடினேன். இரண்டாவதை விட்டுவைத்து, விளக்கை அணைத்தேன்.